தரை இறங்கும் ஊர் - அத்தியாயம் 9: பாதியில் விட்ட வகுப்பு

அமாரோ எழுந்தான். பல் தேய்த்தான். நின்றபடியே காபி குடித்தான். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான்.

மாடுகள் வரிசையாக உள்ளே வந்தன. காம்புகளை அயோடினில் நனைத்தான். துடைத்தான். கறவைக் குழாய்களை மாட்டினான். பால் ஓடி முடிந்ததும் கழற்றினான். மறுபடி அயோடின். அடுத்த மாடு. கடைசி மாடும் வெளியேறியதும் தரையைக் கழுவிவிட்டான். பால் வடிகட்டும் துணியை மாற்றினான். வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

அப்புறம் கிணற்றடி. அதுவும் தினப்படி வேலைதான். பம்பின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தான். சரியாக இருந்தது.

ஆனால் அங்கே மட்டும் அவன் கொஞ்சம் நின்றான். எப்போதும் நிற்பான்.

ஆழ்குழாயைச் சுற்றி ஒரு சிமென்ட் வளையம் உண்டு. அவன் இந்தப் பண்ணைக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் அது தரையோடு தரையாக இருந்தது. இப்போது அதற்கடியில் பூனை நுழைந்து போகிறது.

"குழாய் வளருது மாப்ளே. உரம் போட்டுட்டேன்போல" என்பார் மாமனார் லியோனல் போர்பா.

குழாய் வளரவில்லை. நிலம் இறங்குகிறது. பள்ளத்தாக்கு முழுக்க எல்லாரும் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்ச, மேலே இருக்கிற ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் இறங்கும்? எங்கே போய் நிற்கும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அமாரோ பால் கறக்கிற வேலைக்கு நடுவே பக்கத்து ஊர் சமூகக் கல்லூரியில் சேர்ந்தான். லியோனல் வாயில் அது 'சின்ன காலேஜ்'.

போன வாரம் 'பெரிய காலேஜ்' பதில் சொல்லிவிட்டது. மலைகளைத் தாண்டி, விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கிற பல்கலைக்கழகம். விண்ணப்பம் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புகிற இடம். அமாரோவுக்கு நிலவியலில், நேரே மூன்றாம் ஆண்டில், இடம்.

லியோனல் அன்று சாயங்காலமே பெயின்ட் டப்பாவோடு தீவனக் குவியல்மேல் ஏறினார். அதை மூடியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில், பழைய டயர்களுக்கு நடுவே, சாலையில் போகிற லாரிக்காரனும் படிக்கிற அளவுக்கு எழுதினார்: போர்பா வீட்டு மாப்பிள்ளை பெரிய காலேஜுக்குப் போகிறான்.

இன்று அந்தப் பெரிய காலேஜில், புதிதாக மாறி வருகிறவர்களை அழைத்து இடத்தைக் காட்டுகிற நாள்.

அமாரோ குளித்துவிட்டு வந்தபோது லியோனல் வண்டிக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். பல்கலைக்கழகப் பெயர் போட்ட நீலச் சட்டை. விலைச்சீட்டு கையிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, நீங்களும் வர்றீங்களா?"

"பின்னே? பொண்ணு பாக்கப் போறப்ப பெரியவங்க இல்லாமலா?"

லியோனலின் சின்ன மகள் நெல்டா வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். "அப்பா, அந்தச் சீட்டைப் பிச்செறி. கடையில திருடிட்டு வந்த மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்டி. அளவு சரியில்லன்னா திருப்பிக் கொடுக்கணும்ல."

நெல்டா ஓட்டினாள். லியோனல் முன்னால். அமாரோ பின்னால். லியோனல் மடியில் வெள்ளித்தாளில் சுற்றிய பூண்டுத் தொத்திறைச்சி ரொட்டி. வண்டி தொண்ணூற்றொன்பதாம் சாலையில் ஏறியதும் வழக்கம்போல யாரும் பேசவில்லை. டெலியா விபத்தில் போனது இந்தச் சாலையில்தான். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், தரையோடு படிந்த மூடுபனியில், காலையில் வேலைக்குப் போகிற வழியில். லியோனலுக்கு மூத்த மகள். நெல்டாவுக்கு அக்கா. அமாரோவுக்கு மனைவி. அதற்கப்புறமும் அமாரோ பண்ணையின் பின்வீட்டிலேயே இருந்துவிட்டான். போ என்று யாரும் சொல்லவில்லை.

பாதாம் தோப்புகள் வந்ததும் லியோனல் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஊர் விழா மண்டபத்துல உன்னை எழுந்து நிக்கச் சொல்லுவாங்க. கூச்சப்படாம நில்லு. பாதிரியார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யார்கிட்டதான் சொல்லல?" என்றாள் நெல்டா. "கால்நடை டாக்டர்கிட்ட சொன்னே. டயர் கடைக்காரன்கிட்ட சொன்னே. நேத்து ராங் நம்பர்ல ஒருத்தன் கூப்பிட்டான், அவன்கிட்டயும் சொன்னே."

"அவன் வாழ்த்து சொன்னான்டி. நல்ல பையன்."

அமாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்ளே, ஊரே கொண்டாடுது. நீ எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்றியே?" சொன்ன பிறகுதான் லியோனலுக்கு உறைத்தது. ரொட்டியைப் பிரித்து, பாதியைப் பின்னால் நீட்டினார். அமாரோ வாங்கிக்கொண்டான். அவருக்கு வலது கை இன்னும் முழுதாக உயரவில்லை. பிப்ரவரியில் ஒரு கிடாரி அவரைக் கதவோடு சேர்த்து உதைத்ததில் தோள் எலும்பு உடைந்திருந்தது.

அமாரோ ரொட்டியைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். சின்ன காலேஜிலிருந்து பெரிய காலேஜுக்கு மாறுகிறவனுக்கு இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான் கிடைக்கும். இந்தப் பருவத்தில் இன்னின்ன பாடம் படிக்கிறேன் என்று விண்ணப்பத்தில் சொன்னானே, அவை ஒவ்வொன்றையும் முடித்திருக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் சொல்லியாக வேண்டும். அமாரோ ஒன்றை விட்டிருந்தான். வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற கணக்குப் பாடம். சாயங்கால வகுப்பு. பிப்ரவரியில் விட்டான். கோடையில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சின்ன காலேஜில் படிக்கிற எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பாடம் எப்போதும் அங்கேயேதான் இருக்கும், அடுத்த பருவம் வரும், எழுதிக்கொள்ளலாம்.

கோடை கணக்கில் சேராது என்பதை இந்த வாரம்தான் படித்தான்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தோள் உடைந்தது, சாயங்காலம் பால் கறக்க ஆள் இல்லை, அதனால் விட்டேன். யாராவது கேட்டால் சொல்ல இந்தப் பதில் இருந்தது. அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

காற்றாலைகள் நிற்கிற மலையை வண்டி தாண்டியது. அந்தப் பக்கம் காற்றே வேறாக இருந்தது.

*

வளாகத்தில் எல்லாமே ஏற்றம். லியோனல் ஒவ்வொரு படிக்கட்டிலும் நின்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் கட்டடங்களைப் பாராட்டினார்.

"தூணைப் பாரு. இவ்ளோ பெருசு எதுக்கு? கூரையில தண்ணித் தொட்டியா வச்சிருக்காங்க?"

"அழகுக்குப்பா."

"அழகுக்கு ஒரு தூண் போதாதா?"

நிலவியல் துறையின் முன்கூடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். மாறி வருகிற மாணவர்களைப் பார்த்துக்கொள்கிற ஆலோசகர் தொகுனாகா என்ற பெண்மணி. நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அமாரோவின் பெயரைக் கேட்டதும் கணினியில் தேடி எடுத்துச் சிரித்தார். லியோனல் முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க அப்பாவா?"

"மாமனார். ஆனா அப்பான்னே வச்சுக்கலாம். இவன் பாலும் கறப்பான், கணக்கும் போடுவான். உங்களுக்கு மாடு இருக்கா?"

"இல்லீங்க" என்றார் தொகுனாகா சிரிக்காமல். அமாரோவைப் பார்த்தார். "உங்க படிப்பு விவரத்தைக் குடும்பத்துக்கு முன்னாடி பேசணும்னா உங்க அனுமதி வேணும். அது சட்டம். இவர் இருக்கலாமா?"

"இதென்ன கேள்வி?" என்றார் லியோனல்.

அமாரோ மாமனார் பக்கம் திரும்பினான்.

"மாமா, வெளிய இருங்க."

லியோனல் அவனைப் பார்த்தார். ஏதோ ஜோக் என்று நினைத்தவர்போல அரைச் சிரிப்போடு பார்த்தார். அப்புறம் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நெல்டா அமாரோவை முறைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

"சொல்லுங்க" என்றார் தொகுனாகா.

அமாரோ சொன்னான். எந்த வகுப்பு, எப்போது விட்டான், கோடையைப் பற்றி என்ன நினைத்திருந்தான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏன் விட்டீங்க?"

"மாமனாருக்குத் தோள் எலும்பு உடைஞ்சது. சாயங்காலம் பால் கறக்க ஆள் இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "பாதிப் பேர் இதைச் சொல்லவே மாட்டாங்க. ஜூலையில நாங்களா கண்டுபிடிப்போம். அப்புறம் அழுவாங்க. நீங்க சொன்னது நல்லது. ஆனா என்னால இதைச் சரி பண்ண முடியாது. அந்தக் கணக்கு இல்லாம இங்க மூணாம் வருஷம் ஆரம்பிக்க முடியாது. இடம் போயிடும்."

"அடுத்த வருஷம்?"

"திரும்ப விண்ணப்பிக்கலாம். கிடைக்கும்னு யாரும் சொல்ல முடியாது." விரலால் மேசையைத் தட்டினார். "உங்க காலேஜ்ல வகுப்புக்குப் போகாம தேர்வு மட்டும் எழுதி ஒரு பாடத்தை முடிக்க வழி இருக்கா? பல சின்ன காலேஜ்ல இருக்கு. யாரும் கேக்கறதில்ல."

"இருக்கு. வாத்தியார் ஒத்துக்கணும்."

"அப்ப இப்பவே கேளுங்க. பருவம் முடியறதுக்குள்ள மதிப்பெண் ஏறிட்டா, துறையில நான் பேசறேன். அடுத்த வாரத்தோட உங்க பருவம் முடியுது இல்லையா?"

"ஆமா."

"கணக்கு வருமா உங்களுக்கு?"

"வரும்" என்றான் அமாரோ. அது முழு உண்மை.

அங்கேயே நின்று கணக்கு வாத்தியார் ஹாக்லண்டுக்குக் கைபேசியில் எழுதினான். இரண்டு வரி. அனுப்பினான். உடனே வெளியே போகப் பிடிக்கவில்லை. வெளியே மாமா இருப்பார். கண்ணில் பட்ட படிக்கட்டில் கீழே இறங்கினான்.

*

அடித்தளத்தில் நீளமான அறை. குளிர். இரும்பு அலமாரிகள். தட்டுத்தட்டாக மண். பூமிக்குள் குழாய் இறக்கி எடுத்த மண் உருளைகளை நீளவாக்கில் பிளந்து அடுக்கியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் தராசு முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"வழி தவறிட்டியா?"

"தெரியல" என்றான் அமாரோ.

"மாறி வர்ற ஆளுதானே? பூட்ஸைப் பாத்தாலே தெரியுது. நானும் அப்படி வந்தவதான். ஊர் ஃப்ரெஸ்னோ. பேர் கெய்லா சியோங்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "முதல் பருவம் எல்லாத்துலயும் அடி வாங்குவே. நான் அம்மாவுக்கு போன் பண்ணி வந்து கூட்டிட்டுப் போன்னு அழுதேன். அம்மா வண்டி ரிப்பேர்னு சொல்லி போனை வச்சுட்டா. ரிப்பேரே இல்ல."

அமாரோ அலமாரியைப் பார்த்தான். ஒரு தட்டில் நீலம் பூத்த சாம்பல்நிறக் களிமண். சீட்டில் அவன் மாவட்டத்தின் பெயர்.

"இது எங்க ஊர்."

"எந்த ஊர்?"

"ஹில்மர் பக்கம். எங்க கிணத்துக் குழாய் மேல வந்துட்டே இருக்கு."

அவள் சிப்ஸைக் கீழே வைத்தாள். "எவ்வளவு வந்திருக்கு?"

அமாரோ கையால் காட்டினான். அவள் எழுந்து வந்து அந்த உயரத்தைத் தன் முட்டியோடு வைத்துப் பார்த்தாள்.

"தொடலாமா?" என்று கேட்டான்.

"ஓரத்துல மட்டும்."

தொட்டான். சோப்புக்கட்டிபோல வழவழவென்று இருந்தது. இதன் மேல்தான் அவன் தினமும் பூட்ஸ் போட்டு நடக்கிறான். எவ்வளவோ அடிகளுக்குக் கீழே. இவ்வளவு குளிராக இருக்கும் என்று நினைத்ததில்லை.

"தண்ணியைத் திரும்ப உள்ள விட்டா, இது மறுபடி உப்புமா?"

"மணல்னா கொஞ்சம் உப்பும். களிமண் உப்பாதுன்னு சொல்றாங்க."

"அமுங்கின உடனேயே உப்பற குணம் போயிடுமா? இல்ல, கொஞ்ச காலம் வரைக்கும் இருக்குமா?"

கெய்லா தலையைச் சாய்த்தாள். "அதைத்தான் நான் பாத்துட்டிருக்கேன். தெரியல."

"யாருக்கும் தெரியாதா?"

"நிறைய எழுதியிருக்காங்க. எங்க பேராசிரியர் ஒண்ணு சொல்றார், எதிர் ரூம்காரர் வேற சொல்றார். ரெண்டு பேரும் மதியச் சாப்பாட்டுல பேசிக்கறதில்ல."

அமாரோவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேலும் கேட்டான். தண்ணீர் களிமண்ணிலிருந்து எந்த வேகத்தில் வெளியேறும்? மேலே இருக்கிற பாரத்தைப் பொறுத்தா, பக்கத்து மணலைப் பொறுத்தா? நடுவில் இருக்கிற களிமண்ணுக்கு மேலே நடப்பது எப்போது தெரியும்? கெய்லா ஒரு பழைய உறையின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினாள். சமன்பாடு ஒன்றை எழுதினாள். பாதியில் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"இந்தக் கணக்கு படிச்சிருக்கேல்ல?"

"பாதி."

"மீதியையும் படிச்சுடு. இது இல்லாம இங்க ஒண்ணும் நகராது."

அமாரோ அந்த வரியைப் பார்த்தபடி நின்றான். அடுத்த வரி எப்படி வரும் என்று தெரிந்தது. அதற்கடுத்ததும் தெரிந்தது. அவள் எழுதும்வரை அவனால் காத்திருக்க முடியவில்லை. பேனாவை வாங்கி எழுதினான்.

*

மேலே வந்தபோது லியோனல் வாசல் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். நெல்டா நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே? போனை எடுக்க மாட்டியா?"

"கீழ சிக்னல் இல்ல."

"போலாம்" என்றார் லியோனல்.

மலை அடிவாரம் வரைக்கும் அவர் பேசவில்லை. ரேடியோவைத் திருப்பவில்லை. லாரிக்காரர்களைத் திட்டவில்லை. நெல்டாவுக்கே பயம் வந்துவிட்டது.

"சரி, சொல்லித் தொலை அமாரோ. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

அமாரோ சொன்னான். தொகுனாகாவிடம் சொன்ன அதே அளவு. ஒரு வகுப்பை விட்டது, இடம் போகலாம் என்பது, தேர்வு எழுதினால் தப்பிக்கலாம் என்பது.

"எப்ப விட்டே?" லியோனல் திரும்பாமலே கேட்டார்.

"பிப்ரவரியில."

"நான் கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடந்தப்ப."

அமாரோ கைபேசியைப் பையிலிருந்து எடுத்து இருக்கையில் வைத்தான்.

"வகுப்பு இல்லையான்னு கேட்டேன். நேரத்தை மாத்திட்டாங்கன்னு சொன்னே. எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னே." லியோனல் சீட் பெல்ட்டைக் கழற்றினார். "நெல்டா, வண்டிய நிறுத்து."

"அப்பா, இது மலைப்பாதை."

"நிறுத்துன்னா நிறுத்து."

காற்றாலைகளுக்குக் கீழே, சாலையோரம் அகலமாக இருந்த இடத்தில் நெல்டா நிறுத்தினாள். லியோனல் இறங்கினார். காற்று அவருடைய நீலச் சட்டையை உப்ப வைத்தது. விலைச்சீட்டு படபடத்தது. அமாரோவும் இறங்கினான்.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பக்கத்துப் பண்ணை ஆளைக் கூப்பிட்டிருப்பேன்ல? ஒத்தைக் கையாலயாவது கறந்திருப்பேன். என் எலும்புக்காக நீ படிப்பை விட்டேன்னு நாளைக்கு ஊர்ல நான் எப்படிடா நடப்பேன்?"

"மாமா..."

"தீவனத்து மேல எழுதி வச்சிருக்கேன்டா!"

நெல்டாவின் கையில் அமாரோவின் கைபேசி இருந்தது. இருக்கையில் கிடந்து மணி அடித்ததால் எடுத்திருந்தாள். "சண்டைய அப்புறம் போடுங்க. வாத்தியார் பதில் எழுதியிருக்காரு. திங்கக்கிழமை காலைல வா, எழுதுங்கறாரு. வர்றியா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணுமாம்."

லியோனலின் முகம் மாறிப்போனது. "பின்னே என்ன? வர்றேன்னு போடு. திங்கக்கிழமை நான் கறக்கறேன். நாளைக்கும் நான்தான். நீ உக்காந்து படி."

நெல்டா கைபேசியை நீட்டினாள். அமாரோ வாங்கவில்லை.

"போடு அமாரோ."

"என்னால முடியாது."

"கணக்கு வராதா?"

"வரும். உக்காந்து எழுத முடியாது."

"என்னடா இது" என்றார் லியோனல். குரல் இறங்கிவிட்டது. "எம் பொண்ணு கடைசியா உங்கிட்ட என்ன சொன்னா? போய்ப் படி, பெரிய காலேஜுக்குப் போன்னுதானே சொன்னா? நீயே விட்டுட்டா அவ சொன்னதுக்கு என்ன மரியாதை?"

"அவ அப்படிச் சொன்னான்னு நான் சொன்னதே இல்ல, மாமா. அடக்கம் ஆன அன்னிக்கு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நான் மறுக்கல."

காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு லாரி கடந்துபோனது. நெல்டா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க தோளுக்காக விடல" என்றான் அமாரோ. "அதுக்கு முந்தின நாளே வகுப்புல இருந்து எழுந்து வந்துட்டேன். நீங்க விழுந்தது எனக்கு வசதியாப் போச்சு. அவ்வளவுதான்."

"முந்தின நாள் என்ன ஆச்சு?" நெல்டா கேட்டாள்.

"ஹாக்லண்ட் பலகையில ஒரு தொட்டி வரைஞ்சார். தொட்டி நிறைய உப்புத் தண்ணி. மேல இருந்து நல்ல தண்ணி வந்து விழுது. கலந்த தண்ணி அடியில ஓடுது. இவ்வளவு நேரத்துக்கு அப்புறம் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கும்? எல்லாப் புத்தகத்துலயும் இருக்கற கணக்கு. நான் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"தொட்டியப் பாத்தா எழுந்து வந்தே?"

"தேர்விலயும் அது வரும். எப்பவும் வரும்."

இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமாரோ சாலையைப் பார்த்துச் சொன்னான்.

"டெலியா போன அன்னிக்குக் காலைல நான் சாப்பாட்டு மேசையில, அப்ப இருந்த வகுப்புக்கு, அந்தக் கணக்கைத்தான் போட்டுட்டிருந்தேன். அவ வண்டிச் சாவியோட என் பின்னாடி வந்து நின்னா. நேரமாச்சுன்னு அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்னு முழுசாப் படிச்சா. நான் வரைஞ்ச தொட்டி மாட்டுத் தொட்டி மாதிரி இருக்குன்னு சிரிச்சா. கதவு வரைக்கும் போயிட்டா. திரும்பினா."

லியோனல் ஒரு அடி கிட்டே வந்தார்.

"என்னடா சொன்னா?"

"'இந்த உப்பு எப்பவாவது முழுசாத் தீருமா? சொல்லாதே, சொல்லாதே. போற வழியில நானே யோசிச்சுக்கறேன்.'"